கெய்க் சிம்முக்கு ஒரு மூன்று மாடி வீடு

செத்துப்போனவளுக்கு வீடு வாங்கப் போனால்கூட வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பது பூன் லெங்குக்கு அந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது. குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ப் படையல் போடும் செங் பெங் நாள் வர இன்னும் இரண்டு வாரம் கிடந்தது. ஆனால் பினாங்கில் கல்லறை வைத்திருக்கிற குடும்பம் பூராவும் அந்த ஒரே தெருவுக்குள் வந்து அடைந்துவிட்ட மாதிரி நெரிசல். மகன் வெய் கியாட் மூன்று சுற்றுச் சுற்றினான். நாலாவது சுற்றில், "அம்மா இருந்திருந்தா, இறக்கி விடு, நடந்தே போயிக்கிறேன்னு சொல்லியிருப்பாங்க," என்றான். பூன் லெங் ஜன்னல் வழியே கடைப் பலகையைப் பார்த்தார். அவள் இருந்திருந்தால் இந்தக் கடைக்கு எதற்கு வரப்போகிறோம்?

மனைவி கெய்க் சிம் போய் எட்டு மாதம். அவளுக்கு இது முதல் செங் பெங். புதுக் கல்லறைக்கு மற்றவர்களுக்கு முந்தியே படையல் போட்டுவிட வேண்டும் என்பதால் மகனும் மருமகள் ஹுய் மின்னும் சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள். சனிக்கிழமை காலையில் கல்லறை, மத்தியானம் விமானம். எல்லாம் போனில் குறித்து வைத்திருந்தார்கள். அழுவதற்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கிழவருக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கடைக்குள் நுழைந்தால், செத்தவர்களுக்கு எரித்து அனுப்பக் காகிதத்தில் செய்யாத பொருளே இல்லை. காகித ஃபிரிட்ஜ், காகித வாஷிங் மிஷின், உட்கார்ந்தால் முதுகு பிடித்துவிடும் காகித நாற்காலி, காகிதப் பல்செட். முன்பெல்லாம் தங்கத்தாளை மடித்து எரித்தால் மேலே இருப்பவர்கள் திருப்தியாக வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு புது மாடல் வேண்டியிருக்கிறது போலிருக்கிறது. போன வருஷத்துப் போன்கள் ஒரு மூலையில், வாங்க ஆளில்லாமல், தூசியோடு கிடந்தன.

"இதைப் பாருங்க அங்கிள்," என்று கடைக்காரி உத்தரத்திலிருந்து ஒரு வீட்டை இறக்கினாள். "மூணு மாடி. லிஃப்ட் இருக்கு. கீழ நீச்சல் குளம்."

"அவளுக்கு நீச்சல் தெரியாது."

"அங்க நேரம் நிறைய இருக்கும்ல அங்கிள், கத்துக்குவாங்க."

"மூணு மாடியை யார் கூட்டுறது?"

"அதுக்குத்தான் ரெண்டு வேலைக்காரப் பொம்மை. சேர்ந்தே வரும்." 

கெய்க் சிம் தன் வாணலியை அடுத்தவர் கழுவ விட்டவள் இல்லை. இந்த இரண்டு பேரும் போய் இறங்கிய அன்றைக்கே அடுப்படியிலிருந்து விரட்டப்படுவார்கள் என்பது பூன் லெங்குக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் வெய் கியாட் ஏற்கெனவே தலையாட்டிவிட்டான். ஹுய் மின் ஒரு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். காகித போன் ஒன்று எடுத்தார்கள். "சார்ஜர் உண்டா?" என்று மகன் கேட்டான். மெய்யாகவே கேட்டான். உள்ளே இருக்கிறது என்று கடைக்காரி பிரித்தும் காட்டினாள். பிறகு ஒரு கார் வந்தது. அதன் முன்சீட்டில் தொப்பி போட்ட காகித டிரைவர் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன் வேணாம்," என்றார் பூன் லெங்.

"ஏன்பா?"

"ரொம்ப இளசா இருக்கான்."

கடையே சிரித்தது. அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மீதிப் பாதியை யாரும் கவனிக்கவில்லை.

சிரித்து முடித்த கடைக்காரி பில் புத்தகத்தைத் திறந்துகொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள். "இதெல்லாம் எல்லாரும் வாங்குறதுதான் அங்கிள். ஆன்ட்டிக்குன்னு பிரியமானது ஒண்ணு வைக்கணும்ல? அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

பூன் லெங் முப்பத்தாறு வருஷம் மின்சாமான் கடை வைத்திருந்தவர். வாசலில் ஆள் ஏறும்போதே இவருக்கு மூன்று றெக்கை மின்விசிறி, அந்தம்மாவுக்குச் சிவப்பு மூடி போட்ட சோற்றுக் குக்கர் என்று சொல்லிவிடுவார். ஊரில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்லுவார். நாற்பத்தெட்டு வருஷம் கூடவே இருந்தவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் முழிக்கிறார். மகன் பார்க்கிறான், மருமகள் பார்க்கிறாள், பில் புத்தகத்தோடு கடைக்காரியும் பார்க்கிறாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"காத்து," என்றார் கடைசியில். "காத்து வந்தா பிடிக்கும்."

கடைக்காரி உடனே ஒரு காகித ஏசியை எடுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பூன் லெங் மனைவியின் அலமாரியைத் திறந்தார். பிடித்தது ஏதாவது ஒன்று இருக்காதா? மேல் தட்டில் வரிசையாக அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் கொண்டுவந்து கொடுத்தவை. முடி உலர்த்துவது, பழம் பிழிவது, முட்டை அவிப்பதற்கென்றே ஒன்று, கால் பாதத்தைத் தேய்க்கிற ஒன்று. எதிலும் ஒட்டிய டேப்பைக்கூட அவள் பிரிக்கவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும், அத்தனையும் கடையில் விற்காமல் தங்கியவை. அது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று இப்போதுதான் முதல்முறையாக யோசித்தார். தெரியாமலா இருக்கும்? தூசி தட்டிக் கடையில் அடுக்கியவளே அவள்தானே. ஒவ்வொரு தடவையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எதுக்கு இதெல்லாம், எனக்கு இருக்கிறது போதும்," என்பாள். அவரும் கடமை முடிந்தது என்று சாப்பிட உட்காருவார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முன்னறை முழுக்கக் காகித வீடும் காரும் பரத்திக் கிடந்தன. டிரைவர் வேறு அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவனை வாங்கியேவிட்டார்கள். பூன் லெங் செருப்பை மாட்டிக்கொண்டு கோட்டைப் பக்கத்துக் கடல்சுவர் வரைக்கும் நடந்தார்.

காற்று நன்றாக அடித்தது. சுவர்மேல் இளசுகள் வரிசையாக உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டித் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிய கச்சாங் பூத்தே வண்டி. வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு என்று கண்ணாடிக்குள் அறை அறையாக நிரப்பி வைத்துக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டிருந்தான் சிங்காரவேலு. அவன் பேசும் ஹொக்கியன் சீனம் வெய் கியாட்டின் ஹொக்கியனைவிடச் சுத்தம்.

"தவுக்கே! முதலாளி! நீங்களா? கண்ணை நம்ப முடியலியே!" என்றான். "உங்க கடையில வாங்குன டேபிள் ஃபேன் இன்னும் ஓடுது, தெரியுமா? ஆமா, அக்கா எங்க? ரொம்ப நாளா ஆளையே காணோம். மகன் வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். வியாழக்கிழமை தவறாதே அவங்களுக்கு! அஞ்சரை மணிக்கு வந்து அதோ அந்த மரத்துக்கு நேரா உக்காருவாங்க. ரெண்டு பொட்டலம் வாங்குவாங்க. ஒண்ணைப் பிரிச்சுச் சாப்பிடுவாங்க, இன்னொண்ணு மடியில இருக்கும்."

"ரெண்டு எதுக்கு?"

சிங்காரவேலு சங்கடமாகச் சிரித்தான். "உங்களுக்குத்தான் தவுக்கே. 'கிழவன் கடையைச் சாத்திட்டு வருவான்'பாங்க. நானும் முதல்ல நம்பித் திரும்பித் திரும்பி ரோட்டைப் பார்ப்பேன். அப்புறம் கேக்குறதை விட்டுட்டேன். ஏழு மணிக்கு அதை அப்படியே பையில வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போவாங்க."

பூன் லெங் அந்த மரத்துக்கு நேரான இடத்தைப் பார்த்தார். "நான் கடையை வித்து ரெண்டு வருஷமாச்சே. அதுக்கப்புறம் என்ன சொன்னா?"

"'டிவியில செய்தி முடிஞ்சதும் வருவான்'னாங்க."

கல்யாணமான புதிதில் பூன் லெங் வேறொருவர் கடையில் வேலை பார்த்தார். வியாழக்கிழமை அரை நாள் விடுமுறை. கையில் ஒன்றும் இல்லாத காலம். இரண்டு பேரும் இதே சுவரில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு கப்பல் பார்ப்பார்கள். "வியாழக்கிழமைன்னா இங்கதான், செத்தாலும் சரி," என்று அவர்தான் சொன்னார். பிறகு சொந்தக் கடை வந்தது, வாக்கும் போச்சு. அவளுக்கும் மறந்துவிட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்பதுகூடக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வது, அவர் அதை நினைக்கவே இல்லை. "கடல் பக்கம் போறேன் கிழவா, வர்றியா?" என்று அவள் வாசலில் நின்று கேட்பாள். "நீ போயிட்டு வா," என்பார் இவர். அவ்வளவுதான்.

டிவி பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். அதில் எப்போதும் கடலை இருக்கும். செய்தி பார்த்துக்கொண்டே கையை விட்டு அள்ளித் தின்னுவார். "நமுத்துப் போச்சு. நல்ல கடையாப் பார்த்து வாங்கக் கூடாதா?" என்று ஒருநாள் இல்லை, பல நாள் எரிந்து விழுந்திருக்கிறார். "சரி," என்பாள். அது எந்தக் கடலை என்று இப்போது புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது அவருக்கு.

"அவ செத்துட்டாப்பா," என்றார். "எட்டு மாசமாச்சு."

சிங்காரவேலு இரண்டு காகிதத்தை எடுத்துக் கூம்பாகச் சுருட்டினான். ஒன்றில் எல்லாவற்றையும் கலந்து போட்டான். இன்னொன்றில் பச்சைப் பட்டாணியை மட்டும் கோபுரமாக அள்ளிப் போட்டு, மேலே நாலே நாலு கடலை தூவினான்.

"அக்காவுக்குப் பச்சைப் பட்டாணிதான் பிடிக்கும்," என்றான்.

கடைக்காரி கேட்டாளே அந்தக் கேள்விக்கு இதுதான் பதில். கடலை விற்கிறவனுக்குத் தெரிந்திருந்தது. புருஷனுக்குத் தெரியவில்லை. "சனிக்கிழமை வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்து கொடுத்தான். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை காலை மலையடிவாரத்துக் கல்லறையில் வெயில் எட்டு மணிக்கே ஏறிவிட்டது. பூன் லெங்கின் சட்டைப் பை புடைத்திருந்தது. ஹுய் மின் வறுத்த பன்றி இறைச்சி, முழுக்கோழி, ஆரஞ்சு, சிவப்புக் கேக்கு என்று அழகாகப் பரப்பி முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். குறை சொல்வதற்கில்லை, பாவம், விடியற்காலையில் எழுந்து கடை கடையாக ஏறி வாங்கி வந்தவள். ஊதுவத்தி கொளுத்தினார்கள். பட்டாணிப் பொட்டலத்தைக் கோழிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று பூன் லெங் இரண்டு தடவை பைக்குள் கையை விட்டார். மருமகள் பார்த்தால் என்ன நினைப்பாளோ என்று வெட்கம். மகன் அந்தப் பக்கம் திரும்பட்டும், வைத்துவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. செத்தவர்கள் சாப்பிட அரை மணியாவது ஆகும்.

பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்கு அந்த அரை மணி ஆகியிருந்தது. அவர்கள் காசை உருட்டி உருட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு காசு பூ, ஒரு காசு தலை விழுந்தால் சாப்பிட்டாயிற்று, புறப்படலாம். இரண்டும் தலை என்றால் மேலே இருப்பவர் சிரிக்கிறார். இரண்டும் பூ என்றால் இல்லை, இன்னும் ஆகவில்லை. "ஏழாவது தடவை! தாத்தா இன்னும் எலும்பைக் கடிக்கிறார்போல," என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். சாப்பிட்டாயிற்று என்று சொல்லாமல் யாரும் படையலை எடுக்க முடியாது. காகிதத்தை எரிக்கவும் முடியாது.

வெய் கியாட் மணியைப் பார்த்தான். "கேட்டுப் பார்ப்போமா?" என்றான்.

"இப்பத்தானேடா வத்தி கொளுத்துன," என்றார் பூன் லெங்.

"சும்மா கேப்போம்பா. இல்லைன்னா இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்." மண்டியிட்டு, இரண்டு காசையும் உள்ளங்கையில் வைத்துக் கும்பிட்டான். "அம்மா, சாப்பிட்டீங்களா? போதுமா?" காசைப் போட்டான்.

ஒன்று பூ, ஒன்று தலை.

"அட! முதல் தடவையே!" ஹுய் மின் கை தட்டினாள். "அம்மாவுக்கு எவ்ளோ சந்தோஷம் பாருங்க!"

பக்கத்துக் கல்லறைக்காரி பொறாமையோடு பார்த்தாள். பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. கோழியும் இறைச்சியும் டப்பாவுக்குள் போயின. மூன்று மாடி வீடு, வேலைக்காரப் பொம்மைகள், கைப்பை, போன், சார்ஜர், ஏசி என்று எல்லாவற்றையும் இரும்புத் தொட்டியில் அடுக்கித் தீ வைத்தார்கள். நீச்சல் குளம் முதலில் பற்றியது. டிரைவரின் சிரிப்பு ஒரே நொடியில் கறுத்துச் சுருண்டு போய்விட்டது. மூன்று மாடி எரிய மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டிய வேகத்தைவிட எரிகிற வேகம் எப்போதும் கூடத்தான். வெய் கியாட் அதை வீடியோ எடுத்தான்.

சாம்பல் பறக்கும்போதுதான் பூன் லெங் பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

"என்னப்பா அது?"

"பட்டாணி. அவளுக்கு."

"ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா," என்றான் மகன். குரலில் கோபமில்லை. "இப்ப முடிஞ்சு போச்சு. அம்மா போதும்னு சொல்லிட்டாங்களே."

"சொல்லுவா," என்றார் பூன் லெங். "அவ எப்பத்தான் போதாதுன்னு சொன்னா?"

வருஷப் பிறப்பு விருந்தில் மீன் வயிற்றுப்பக்கத்தை மற்றவர் தட்டில் வைத்துவிட்டுத் தலையைச் சப்பிக்கொண்டு போதும் என்பாள். காய்ச்சலாகக் கிடந்தால் கஞ்சி இரண்டு கரண்டியில் போதும் என்பாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள். அவர் போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் இருக்கும். "பார்த்தது போதும், நீ கிளம்பு கிழவா, மழை வரப்போவுது, பஸ்ஸை விட்டுடுவ," என்றாள். அவரும் எழுந்து வந்துவிட்டார். பஸ் வீட்டுப் பக்கம் திரும்புவதற்குள் போன் வந்தது. மழையும் வரவில்லை. அவள் போதும் என்றால் போதும் என்று அர்த்தமில்லை என்பது நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கு அப்படிச் சொல்வது பழக்கம், நம்பிக்கொள்வது இவருக்கு வசதி.

"நீங்க ரெண்டு பேரும் வண்டிக்குப் போங்க," என்றார்.

அவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பூன் லெங் கல்லறையின் சிமெண்டு விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தைப் பெயர் வெட்டிய கல்லுக்கு முன்னால் சாயாமல் முட்டுக் கொடுத்து வைத்தார். தன்னுடையதைப் பிரித்து ஒரு கடலையை வாயில் போட்டார். கொஞ்சம் நமுத்துத்தான் போயிருந்தது. மென்று விழுங்கினார். இன்னொன்று போட்டார். இங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கீழே ரோட்டில் லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. அதையே இரண்டு பேரும் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வந்துட்டேன்," என்றார். "ரொம்ப லேட்டுதான். திட்டணும்னா திட்டு."

கீழேயிருந்து ஹாரன் சத்தம் வந்தது. இரண்டு முறை.

மகன் கல்மேல் வைத்துவிட்டுப் போன காசுகளை எடுத்தார். கடைக்குப் புதுச் சரக்கு வந்து இறங்கும்போதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. என்ன விழ வேண்டும் என்று தனக்கு ஆசை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"கெய்க் சிம். இவ்வளவு நேரம் உக்காந்தது போதுமா? நான் கிளம்பவா?"

காசுகள் சிமெண்டில் உருண்டன. ஒன்று உடனே படுத்தது. மற்றது சுற்றிச் சுற்றிப் போய்க் கல்லில் மோதி விழுந்தது. அவர் குனிந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டும் பூ.

பூன் லெங்குக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அவள் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகை அழுதார்.

வெய் கியாட் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தான். கிழவரின் முகத்தைப் பார்த்தான், காசைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை போடுங்கப்பா," என்றான் மெதுவாக. "போட்டுக்கிட்டே இருந்தா சரின்னு விழுந்துரும். விமானத்துக்கு நேரமாச்சு."

பூன் லெங் இரண்டு காசையும் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கேக்க மாட்டேன்," என்றார். "கேட்டா, போதும்னு சொல்லிடுவா."